கேபிள் போனது, கிரிக்கெட் போகவில்லை

(நம் சங்க உறுப்பினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில், பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் பெரியோர்களே, மாமா மாமிகளே, கடைசி வரிசையில் உட்கார்ந்து மொபைலில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! கடைசி வரிசையை நான் குறை சொல்லவில்லை. இன்றைய பேச்சே உங்களையும் உங்கள் தாத்தாக்களையும் பற்றியதுதான்.

சென்ற மாதம் பஜனை முடிந்து காபி சாப்பிடும்போது நம் செயலாளர் என்னிடம் கேட்டார்: "சார், உங்காத்துல கேபிளை எடுத்துட்டேளாமே. அப்பா கிரிக்கெட் பைத்தியமாச்சே, மேட்ச் எல்லாம் எப்படிப் பார்க்கறார்?" நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது டோஸ் காபி வந்த பிறகும் முடியவில்லை. "இதை மீட்டிங்கில் வந்து பேசுங்கோ" என்று சொல்லிவிட்டார்.

நான் டெலிவிஷன் நிபுணன் அல்லன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் முப்பத்து நான்கு வருஷம் இயந்திரங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே இது தெரிந்தவன் செய்யும் உபதேசம் அல்ல. தப்பு செய்து திருந்தியவன் சொல்லும் கதை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் ஆட்டமும்

என் தகப்பனாருக்கு இப்போது வயது 88. கும்பகோணத்திலிருந்து உத்தியோகத்துக்காகப் பெங்களூர் வந்தவர். 1974 நவம்பரில் நம் சின்னசாமி ஸ்டேடியத்தில் முதல் டெஸ்ட் நடந்தபோது, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தவர். விவியன் ரிச்சர்ட்ஸ், கார்டன் கிரீனிட்ஜ் இருவரும் டெஸ்டில் அறிமுகமான ஆட்டம் அது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்காத்தில் சாதம் ஆறிவிடும்.

அந்தக் காலத்தில் அவருக்கு ரேடியோதான். சென்னை டெஸ்டுக்கு வானொலியில் தமிழ் வர்ணனை வரும். அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் இவர்கள் குரலை எல்லாம் அப்பா இன்றும் பாவனை செய்து காட்டுவார். 1983 ஜூன் 18-ஆம் தேதி டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் கபில்தேவ் 175 அடித்தார் அல்லவா, அந்த ஆட்டம் டெலிவிஷனில் வரவே இல்லை. ஆனால் ஜூன் 25 இறுதி ஆட்டம் தூர்தர்ஷனில் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் ஆத்தில் மட்டும் டிவி. அங்கே நாற்பது பேர் உட்கார்ந்து பார்த்தோம். 183 ரன் எடுத்து ஜெயித்தோம். எனக்கு அப்போது இருபது வயது.

1987 மார்ச்சில் இதே பெங்களூரில் கவாஸ்கர் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் 96 அடித்தும் பாகிஸ்தானிடம் 16 ரன்னில் தோற்றோம். அன்று அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. 1996 மார்ச் 9-ஆம் தேதி உலகக் கோப்பைக் காலிறுதியில், அதே மைதானத்தில் நம்மூர் வெங்கடேஷ் பிரசாத் ஆமிர் சொஹைலின் ஸ்டம்பைச் சாய்த்தபோது இரண்டு பங்காகச் சாப்பிட்டார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எண்பத்தெட்டு வயதில் ஒரு மனிதருக்குத் தானாக எழுந்துபோய்ச் செய்யக்கூடிய காரியங்கள் ரொம்பக் குறைவு. வெளியூர்ப் பயணம் கிடையாது. எழுத்து மங்கலாகத் தெரிவதால் புத்தகமும் கஷ்டம். ரிமோட்டை எடுத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கி, நம்பரைப் போட்டு, தனக்கு வேண்டிய ஆட்டத்தைத் தானே வைத்துக்கொண்டு பார்ப்பது அவருடைய சுதந்திரம். அதை நான் மாதம் 430 ரூபாய்க்காகப் பிடுங்கிவிட்டேன். அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆட்டம் யாருடையது?

இப்போது மேட்ச் ஏன் ஒரு நாள் இந்த ஆப்பிலும் மறு நாள் அந்த ஆப்பிலும் வருகிறது என்று பலர் அலுத்துக்கொள்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் பழங்கதை தெரிய வேண்டும்.

1993-ல் ஹீரோ கோப்பை நடந்தது. ஒளிபரப்பு உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்ததால் தூர்தர்ஷனோடு தகராறு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வானலைகள் பொதுச் சொத்து, அவற்றின் மேல் அரசாங்கத்துக்கு ஏகபோக உரிமை கிடையாது என்றது நீதிமன்றம். அன்று திறந்த கதவு வழியாகத்தான் தனியார் விளையாட்டுச் சானல்கள் இந்த அளவுக்கு வளர்ந்தன.

ஏழைகளுக்கும் ஆட்டம் கிடைக்க வேண்டுமே என்று 2007-ல் ஒரு சட்டம் வந்தது. தேச முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சானல்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்றது. ஆனால் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வரையறை வைத்தது. அப்படிக் கிடைக்கும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் சொந்த ஆன்டெனா வழியிலும் தன் சொந்த இலவச டிஷ் வழியிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளிலும் டிடிஹெச்சிலும் காட்டக்கூடாது என்றது. கேபிளில் தூர்தர்ஷன் வைத்தால் மேட்ச் நேரத்தில் வேறு ஏதோ ஓடுகிறதே என்று என்னிடம் கேட்ட மாமாக்களுக்கு இதுதான் பதில். அது உங்கள் டிவியின் கோளாறு இல்லை.

அடுத்து, உரிமை யாரிடம் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. கல்யாணத்தில் சமையல்காரரை அமர்த்துவது பெண் ஆத்துக்காரர் பொறுப்பு அல்லவா? அதுபோல ஆட்டம் எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டு வாரியம்தான் உரிமையை விற்கும். இந்தியாவில் நடந்தால் நம் பிசிசிஐ. நியூசிலாந்தில் நடந்தால் அவர்கள் வாரியம். உலகக் கோப்பை என்றால் ஐசிசி. ஆசியக் கோப்பை என்றால் ஆசியக் கவுன்சில். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஏலம் விடுகிறார்கள். ஆகவே ஒரே ஆப்பில் வருஷம் முழுக்க எல்லா இந்திய ஆட்டமும் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பை சோனி லிவ்வில் வந்தது. அடுத்த மாதமே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் ஜியோஹாட்ஸ்டாரில் வந்தது. அவ்வளவுதான் கதை.

பணம் எவ்வளவு புரள்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். 2022 ஜூனில் ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான ஐந்து வருஷ உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. இந்தியாவில் டிவி உரிமை 23,575 கோடி. டிஜிட்டல் உரிமை தனியாக, வேறொரு கம்பெனிக்கு. அதாவது ஒரே ஆட்டத்தை டிவியில் ஒருவரும் மொபைலில் இன்னொருவரும் காட்டினார்கள். டிஜிட்டல் வாங்கியவர் 2023-ல் ஜியோ சினிமாவில் ஐபிஎல்லை இலவசமாகவே காட்டினார். அங்கேதான் நான் விழுந்தேன்.

நான் செய்த தப்பு

2013-ல் பெங்களூரில் கேபிளுக்குப் பெட்டி கட்டாயமாயிற்று, நினைவிருக்கும். 2019 பிப்ரவரியில் ட்ராய் புதுக் கட்டண முறை கொண்டுவந்தது. அடிப்படைக்கு 130 ரூபாயும் வரியும், அதற்கு மேல் வேண்டிய சானலுக்குத் தனித்தனியாகக் காசு. எங்காத்தில் தமிழ், கன்னடம், பக்தி, செய்தி, விளையாட்டு எல்லாம் சேர்ந்து மாதம் 430 ஆயிற்று. வருஷத்துக்கு 5,160 ரூபாய்.

பிராட்பேண்ட் எப்படியும் ஆத்தில் இருக்கிறது. ஐபிஎல்லும் இலவசம். பின் எதற்குக் கேபிள்? 2023 மார்ச் கடைசியில் கேபிள்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அந்தக் கேபிள்காரர் பதினெட்டு வருஷமாக எங்கள் தெருவுக்கு வருகிறவர். ரிமோட்டில் பாட்டரி போனாலும் அப்பா அவருக்குத்தான் போன் செய்வார். பெட்டியைக் கழற்றி ஒயரைச் சுற்றிக்கொண்டே அவர் அப்பாவிடம், "தாத்தா, மேட்ச் இத்தாக நம்ம் மனெகெ பன்னி" என்றார். மேட்ச் இருக்கும்போது எங்காத்துக்கு வாங்கோ என்று அர்த்தம். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

ஐபிஎல் நன்றாகவே ஓடிற்று. நான் தினமும் ஏழரை மணிக்கு ஆப்பைத் திறந்து வைத்துவிடுவேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்டோபரில் உலகக் கோப்பை வந்தது. அது வேறு ஆப். மொபைலில் இலவசம், பெரிய டிவியில் பார்க்கச் சந்தா. அப்பாவுக்கு மொபைல் திரையில் பந்து தெரியாது. சந்தா கட்டினேன். அந்தச் சந்தாவில் ஒரே சமயத்தில் இரண்டு திரைக்குத்தான் அனுமதி. பாஸ்வேர்டைப் புனேயில் இருக்கும் பிள்ளை கேட்டான், கொடுத்தேன். சென்னையில் இருக்கும் பெண் கேட்டாள், கொடுத்தேன். மைத்துனர் கேட்டார், மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

2023 நவம்பர் 15. மும்பை வான்கடேயில் நியூசிலாந்தோடு அரையிறுதி. கோலி தொண்ணூறுகளில் இருக்கிறார். சச்சினின் 49 சதங்களைத் தாண்டி ஐம்பதாவது சதம் வரப்போகிறது. சச்சினே மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் கோடி ஆத்தில் ஒரு சதாபிஷேகத்துக்குப் போயிருந்தேன். என் மனைவி சமையல் உள்ளில். அப்பா மட்டும் டிவி முன்னால். அந்த நேரம் பார்த்து எங்கள் குடும்பத்திலேயே யாரோ மூன்றாவது திரையைத் திறந்திருக்கிறார்கள். டிவியில் படம் போய், நிறையச் சாதனங்களில் பார்க்கிறீர்கள் என்று இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு வந்து நின்றுவிட்டது. அப்பா ரிமோட்டில் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்திருக்கிறார். அது வெளியே தள்ளி, ஓடிபி கேட்டது. ஓடிபி என் மொபைலுக்கு வந்தது. என் மொபைல் சதாபிஷேகத்தில், சட்டைப் பையில், சத்தம் இல்லாமல் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது அப்பா ஆத்தில் இல்லை. "ஏன்னா, வாக்கிங் போறேன்னு சொன்னார், அரை மணி ஆச்சு" என்றாள் மனைவி. தேடிப் போனேன். தெருமுனை பேக்கரியில் சுவரில் ஒரு டிவி உண்டு. அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் கைத்தடியோடு அப்பா. ஸ்டூல் கொண்டுவந்து போட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கேபிள்காரர்தான்.

"வாங்கோப்பா, ஆத்துக்குப் போலாம். சரி பண்ணிட்டேன்" என்றேன்.

"இருக்கட்டும்டா, ஓவர் முடியட்டும்" என்றார்.

அன்று நாங்கள் ஜெயித்தோம். ஷமி ஏழு விக்கெட் எடுத்தார். ராத்திரி படுக்கும்போது மெதுவாகக் கேட்டேன், இத்தனை நாளாக வாக்கிங் என்று போனதெல்லாம் பேக்கரிக்குத்தானா என்று. நீ ஆத்தில் இல்லாத நாளில் மட்டும் என்றார். "உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான். பரவாயில்லைடா, நாளைக்குப் பேப்பர்ல வந்துடும்."

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஹாலில் இருக்கும் எத்தனை ஆத்தில் ஒரு பெரியவர் "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று யோசித்துப் பார்த்ததால்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

சரி செய்தது எப்படி?

மறுநாள் உட்கார்ந்து, இயந்திரம் பழுதானால் என்ன செய்வேனோ அப்படிக் காரணங்களை எழுதினேன். ஐந்து காரணம் வந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதலாவது, கேபிளும் ஸ்ட்ரீமிங்கும் எப்படி வேறு என்பது. கேபிள் கோவில் மணி மாதிரி. ஒரு தடவை அடித்தால் தெரு முழுக்கக் கேட்கும். கேட்பவர் பத்துப் பேரா பதினாயிரம் பேரா என்று மணிக்குக் கவலை இல்லை. ஸ்ட்ரீமிங் பிரசாத வரிசை மாதிரி. ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகப் போட வேண்டும். 2023 நவம்பர் 19 இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 5.9 கோடி இணைப்புகளில் பார்த்தார்கள். அத்தனை கையிலும் தொன்னை வைத்தாக வேண்டும். நம் தெரு வரைக்கும் நன்றாக வந்துவிட்டு, நம் ஆத்து வாசலில் வரிசை நெரிந்தாலும் படம் நிற்கும்.

ஆகவே டிவிக்கு வைஃபை வேண்டாம் என்று முடிவு செய்தேன். ரவுட்டரிலிருந்து டிவிக்கு நேராக ஒரு லேன் ஒயர் இழுத்தேன். செலவு 350 ரூபாய். படம் சுற்றிக்கொண்டே நிற்பதில் முக்கால்வாசி அதோடு ஒழிந்தது. ஒயர் இழுக்க முடியாதவர்கள் ரவுட்டரை டிவி இருக்கும் அறைக்கே கொண்டுவாருங்கள். பூஜை அறை மேல் தட்டில் வைத்துவிட்டு ஹாலில் படம் வரவில்லை என்றால் என்ன செய்வது? ஹெச்டி படத்துக்கு டிவிக்கு மட்டும் 10 எம்பிபிஎஸ் தாராளம். 4கே வேண்டுமானால் 25. ஒரு மணி நேரத்துக்கு ஹெச்டியில் சுமார் 2 முதல் 3 ஜிபி செலவாகும். மொபைல் டேட்டாவை வைத்து முழு ஆட்டமும் டிவியில் பார்க்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, கரண்ட். நம்மூரில் முதல் மழை விழுந்தால் கரண்ட் போகும், ஐபிஎல்லும் அதே மாதங்களில்தான். டிவி இன்வெர்ட்டரில் ஓடும், ரவுட்டர் ஓடாது. ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கி வைத்துவிட்டேன்.

மூன்றாவது, கணக்கும் பாஸ்வேர்டும். டிவிக்கு என்று ஒரு தனிச் சந்தா. அதன் பாஸ்வேர்டு யாருக்கும் கிடையாது, பெற்ற பிள்ளையானாலும் சரி. பிள்ளைக்கு வேண்டுமானால் அவனே கட்டிக்கொள்ளட்டும், சம்பாதிக்கிறான். ஓடிபி வரும் நம்பரை என் மனைவி நம்பராக மாற்றினேன். அவள்தான் ஆத்தில் இருப்பாள். தானாகப் பணம் எடுக்கும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தத் தகவலைப் படிக்காமல் அழித்துவிட்டு, பணம் போயிற்று என்று அலறாதீர்கள்.

நான்காவது, எதை வாங்குவது என்பது. ஜனவரியில் பஞ்சாங்கம் வாங்கும்போதே ஒரு வெள்ளைத்தாளில் இந்த வருஷம் அப்பா பார்க்க விரும்பும் ஆட்டங்களை எழுதிவிடுகிறேன். எந்த மாதம், எந்த ஊர், யார் உரிமை என்று மூன்று பத்தி. பிறகுதான் சந்தா. வருஷம் முழுக்க எல்லா ஆப்புக்கும் கட்டினால் கேபிளை விட அதிகமாகிவிடும். 2025 பிப்ரவரி 14-ல் இரண்டு பெரிய ஆப்கள் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் வந்தது. ஐபிஎல் இலவசம் என்பதும் அதோடு முடிந்தது. தொடக்கத்தில் மொபைலுக்கு மூன்று மாதம் 149 ரூபாய், இரண்டு திரைக்கு 299 ரூபாய் என்று வைத்தார்கள். இலவசம் என்று எது வந்தாலும் அது நம்மைப் பழக்குவதற்குத்தான் என்று பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சம் எவ்வளவு என்று கேட்பீர்கள். 2025-ல் எங்காத்துச் சந்தாக்கள் எல்லாம் சேர்ந்து 2,400 ரூபாய்க்குள் அடங்கின. கேபிளோடு பார்த்தால் பாதிக்கும் குறைவு. ஆனால் பிராட்பேண்ட் ஏற்கெனவே இருந்ததால்தான் இந்தக் கணக்கு. டிவிக்காகவே புதிதாக பிராட்பேண்ட் போடுகிறவர்களுக்கு ஒரு பைசா மிஞ்சாது. அவர்கள் கேபிளிலேயே சௌக்கியமாக இருக்கலாம்.

ஐந்தாவது, தூர்தர்ஷனின் இலவச டிஷ். டிடி ஃப்ரீ டிஷ் என்று பெயர். மாதச் சந்தா கிடையாது. பெட்டியும் தட்டும் ஒரு தடவை வாங்கினால் சரி, சுமார் 2,000 ரூபாய் ஆகும். மொட்டை மாடி உள்ளவர்களுக்கு ரொம்ப உபயோகம். டிடி ஸ்போர்ட்ஸ் வரும் பெட்டிதானா என்று கேட்டு வாங்குங்கள். முன்னே சொன்ன 2007 சட்டத்தின் கீழ் வரும் ஆட்டங்கள் இதில் வருகின்றன.  இன்டர்நெட் போன நாளில் எங்களுக்கு இதுதான் கை கொடுக்கிறது. கேபிள் போன பிறகு பெட்டிகளே வேண்டாம் என்று இருந்தவன், இந்த ஒரு பெட்டியை நானே வாங்கிவந்து மாட்டினேன்.

அட்டையும் ஆறு வரியும்

இதெல்லாம் இயந்திரத்துக்குச் செய்த வைத்தியம். மனுஷருக்கு?

முதலில் ரிமோட்டில் வேண்டாத பொத்தான்கள் மேல் எல்லாம் பிளாஸ்திரி ஒட்டினேன். ஐந்து பொத்தான் மட்டும் மிஞ்சிற்று. பிறகு ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில், தமிழில், ஆறு வரி எழுதி டிவிக்குப் பக்கத்தில் மாட்டினேன். சிவப்பை அமுக்கு. படம் வரும் வரை பத்து எண்ணு. வீட்டுப் படம் போட்ட பொத்தானை அமுக்கு. வலது பக்கம் இரண்டு தடவை போ. நடுப் பொத்தானை அமுக்கு. நின்றுவிட்டால் முதலிலிருந்து செய், பயப்படாதே. இந்தக் கடைசி வரியைச் சொல்லி எழுதச் சொன்னவர் அப்பாவேதான்.

அவருக்குச் சொல்லிக்கொடுக்க மூன்று வாரம் ஆயிற்று. என் பொறுமை இரண்டாவது நாளே போய்விட்டது. பக்கத்தாத்துப் பேத்தி, ஏழாவது படிக்கிறாள், அவள்தான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கால் மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். தானே செய்து காட்டாமல், ரிமோட்டைக் கையில் வாங்காமல் சொல்லிக்கொடுத்தாள். அது எனக்குத் தோன்றவில்லை. அப்பா தடுமாறினால் நான் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். இங்கே இருக்கும் பிள்ளைகள், மருமகள்கள் எல்லோருக்கும் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். ரிமோட்டைப் பிடுங்காதீர்கள்.

இப்போது அப்பா கிரிக்கெட்டோடு நிற்கவில்லை. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சாயங்காலம் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் பதினான்காவது ஆட்டம் ஆடினார்கள். யூடியூபில் இலவசமாகவே வந்தது. கேபிளில் செஸ்ஸை யார் நாள் முழுக்கக் காட்டியிருப்பார்கள்? டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். வர்ணனையாளர்கள் கத்தினார்கள். பதினெட்டு வயதுச் சென்னைப் பையன் உலகச் சாம்பியன் ஆகிக் கண்ணீர் விட்டபோது, அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சானலைத் தேடி வைத்தது நான் இல்லை, அவரேதான். 2025 நவம்பர் 2-ஆம் தேதி நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து உலகக் கோப்பை வாங்கியபோது, என் மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தீப்தி ஷர்மாவின் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் விளக்கம் சொன்னார்.

முப்பது வினாடி

ஒரு குறை மட்டும் தீரவில்லை. ஸ்ட்ரீமிங்கில் ஆட்டம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். பால் ஊற்றுகிற மாதிரி கேபிள் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரீமிங் இட்லி மாதிரி, ஈடு ஈடாக வேகும். படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். நம் டிவி இரண்டு மூன்று ஈடு கையில் சேர்ந்த பிறகுதான் பரிமாற ஆரம்பிக்கும். அதனால் இருபதிலிருந்து நாற்பது வினாடி தாமதம். எதிராத்தில் இன்னும் கேபிள். அவர்கள் கத்தினால் எங்களுக்கு விக்கெட் விழப்போகிறது என்று தெரிந்துவிடும்.

2025 ஜூன் 3. அகமதாபாத்தில் ஐபிஎல் இறுதி. பதினெட்டு வருஷமாக நம் ஆர்சிபி கோப்பை வாங்கவில்லை. ஊரே டிவி முன்னால். எங்களுக்குக் கடைசி ஓவர் ஆரம்பிக்கும்போதே தெருவில் வெடி கேட்டுவிட்டது. எனக்கு ஒரே எரிச்சல். "என்னப்பா இது, முடிவு தெரிஞ்சுபோச்சே" என்றேன்.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எண்பத்து மூணுல நாற்பது பேரோட பார்த்தோமே, நினைவிருக்கா? அப்புறம் தனித்தனியா உட்கார்ந்து பார்க்க ஆரம்பிச்சோம். இப்போ தெருவுல சத்தம் வரது, நான் நிமிர்ந்து உட்கார்ந்துக்கறேன். கூட நாலு பேர் பார்க்கறா மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போட்டும்" என்றார்.

ஆறு ரன்னில் ஜெயித்தோம். மறுநாள் சின்னசாமி மைதானத்து வாசலில் நெரிசலில் பதினொரு பேர் உயிர் போயிற்று. கொண்டாடப் போன குழந்தைகள். அப்பா அன்று டிவியை அணைத்துவிட்டுத் திருப்பிப் போடவே இல்லை. தான் 1974-ல் நடந்துபோன அதே வாசல் என்று மட்டும் சொன்னார். அந்த வெற்றியைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இதைச் சொல்லாமல் போவது முறையில்லை.

நேரம் ஆகிவிட்டது. கேபிளை எடுக்கலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், நன்றாகவே எடுக்கலாம். ஆனால் பெட்டியைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால், அதில் யார் அதிகம் பார்க்கிறார்களோ அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் தனியாக ஒரு ஆட்டத்தைத் தாங்களே வைத்துப் பார்க்கும் வரை, ஒரு மாதமாவது இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 430 ரூபாயை நஷ்டம் என்று நினைக்காதீர்கள்.

கேபிள்காரர் இப்போதும் வருகிறார். பிராட்பேண்ட் கனெக்ஷனும் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். அப்பா சொன்னதன் பேரில் சென்ற வருஷம் அவரிடமே மாறிவிட்டோம். ஏதாவது நின்றுபோனால் அப்பா எனக்குப் போன் செய்வதில்லை. அவருக்குத்தான் செய்கிறார். அவரும் வந்து அட்டையில் ஆறாவது வரியைக் காட்டிவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

 லேன் ஒயர் இழுக்க உதவி வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். ஒயர் உங்களுடையது, ஆணியும் சுத்தியலும் நான் கொண்டுவருகிறேன்.